முகவரும் முகவரியும்

யாம் இக்கல்லூரியிற் புகுந்த முதலாண்டில், மழைக்காலத்து மாலையொன்றில், இங்கே பயின்று பட்டம் பெற்றுச் சென்ற அண்ணன் ஒருவர் எம் விடுதிக்கு வந்தார். ஆயுள் இன்ஷூரன்ஸ் முகவராய்ச் சேர்ந்து ஓராண்டு நிறைந்ததென்றும், இப்பொழுது தம்முடன் பணிபுரிய இளைஞரைத் தேடுவதாகவும் கூறினார். பாலிசி எடுக்குமாறு அவர் எம்மைக் கேட்டிலர். ஒன்று முதல் ஐம்பது வரை எண்ணிட்ட வெறுந்தாளொன்றைக் கையிற் கொடுத்து, உற்றார் உறவினர் பெயர்களையும் அவர்தம் தொலைபேசி எண்களையும் எழுதித் தருமாறு மட்டுமே வேண்டினார். தேநீரும் பலகாரமும் அவர் செலவு. யாமும் எழுதிக் கொடுத்தோம்.

இன்ஷூரன்ஸ் விற்கும் தொழிலை மேற்கொண்டவர் இன்ஷூரன்ஸை விற்காது பெயர்களைத் தேடியதும், ஓராண்டிற்குள் ஆள்சேர்க்கப் புறப்பட்டதும் ஏன்? இவ்வினா அன்று எமக்குத் தோன்றவில்லை. பின்னர் நிகழ்ந்ததொன்று அதனை எம் உள்ளத்தில் எழுப்பியது. அதற்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

முகவர் தோன்றியவாறு

ஆயுள் இன்ஷூரன்ஸ் தன் தொடக்கத்தில் முகவரை வேண்டியதில்லை. ஸ்காத்லாந்து நாட்டுத் திருச்சபையின் குருமார் இறந்துபட்டால் அவர்தம் மனைவியரும் மக்களும் குடியிருந்த வீட்டையும் இழந்து வறுமையுறுவதைக் கண்ட ராபர்ட் வாலஸ், அலெக்ஸாந்தர் வெப்ஸ்டர் என்னும் குருமார் இருவர், 1744-ஆம் ஆண்டை ஒட்டி விதவையர் நிதியொன்றை நிறுவினர். எடின்பரோவிற் கணிதம் கற்பித்த காலின் மக்லாரின் என்பார் அதன் கணக்கைச் சரிபார்த்துத் தந்தார். குருமாரும் பல்கலைக்கழக ஆசிரியரும் நான்கு படித்தரங்களுள் ஒன்றைத் தெரிந்து ஆண்டுதோறும் பணம் செலுத்தினர். அதற்கேற்ப விதவையர்க்கு ஆண்டொன்றுக்கு 10 பவுன் முதல் 25 பவுன் வரை கிடைத்தது. அந்நிதியை வீடுவீடாய்ச் சென்று விற்றவர் எவருமிலர். செலுத்துவோர் அனைவரும் ஒரே சபையினர். சேர்தலும் கடமையாக விதிக்கப்பட்டிருந்தது.

ஒருவரையொருவர் அறியாத மக்களிடையே இவ்வேற்பாடு பரவியபோதுதான் இடைநின்று பேசுவோர் தேவையாயினர். அரிசி வேண்டுவோன் தானே கடைக்குச் செல்வான். தன் மரணத்தை எண்ணித் தானே கம்பெனியின் வாயிலை அடைவோன் அரியன். எவரேனும் அவனைத் தேடிச்சென்று, விரும்பத்தகாத அவ்வெண்ணத்தை நயமாக நினைவூட்டல் வேண்டும். இப்பணி செய்தோரே முகவர். நம் நாட்டில் 1818-இல் கல்கத்தாவில் ஓரியண்டல் என்னும் கம்பெனி தோன்றியதும், 1870-இல் பம்பாய் மியூச்சுவல் சங்கம் இந்தியரையும் பிறர்க்குரிய அதே விகிதத்திற் சேர்த்துக்கொண்டதும், 1956 செப்டம்பர் முதல் நாள் 245 கம்பெனிகளும் சங்கங்களும் ஒன்றாக்கப்பட்டு ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷன் எழுந்ததும் பலரும் அறிந்தனவே. இவையாவற்றினும் மக்கள் வாயிலுக்குச் செய்தியைக் கொண்டு சென்றவர் முகவரே.

இலண்டனில் புருடென்ஷியல் கம்பெனி 1854 முதலும், அமெரிக்காவில் நியூவார்க் நகரிலே அதே பெயருடைய வேறொரு கம்பெனி 1875 முதலும் தொழிலாளரிடம் சில்லறைக் காசாக வாரந்தோறும் பிரிமியம் தண்டிவந்தன. அவ்வேலையிலிருந்த முகவர்க்கெனத் தெருக்கள் வகுக்கப்பட்டிருந்தன. எவ்வீட்டிற் குழந்தை பிறந்தது, எவ்வீட்டிற் கூலி நின்றது என்பதை அவர் அறிவார். வாரந்தோறும் அதே கதவைத் தட்டவேண்டியவர் ஆதலின், பொய்யுரைத்து ஒருமுறை விற்றுப் பின் முகம் மறைத்தல் அவர்க்கு எளிதன்று. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வாரத் தண்டல் மெல்ல மறைந்தது. பிரிமியம் பாங்கியின் வழியே தானே செல்லத் தொடங்கியது. முகவர்க்குத் தெரு இல்லாதொழிந்தது. தெருவை இழந்தவர் பெயர்ப்பட்டியலைத் தேடலாயினர்.

வருவாயின் அமைப்பு

இம்மாற்றத்தின் காரணத்தை முகவர்தம் குணத்திற் காண்பதினும், அவர்தம் கூலி அமைந்த முறையிற் காண்பதே பொருத்தமாம். நம் நாட்டில் 1938-ஆம் ஆண்டின் இன்ஷூரன்ஸ் சட்டத்தின்கீழ் நெடுங்காலம் நின்ற வரம்பு இது: முதலாண்டுப் பிரிமியத்தில் நூற்றுக்கு 35 வரையும், இரண்டாம் மூன்றாம் ஆண்டுகளில் ஏழரை வரையும், அதன்பின் 5 வரையும் கமிஷன் கொடுக்கலாம். புதிதாய்த் தோன்றிய கம்பெனிகட்கு முதலாண்டில் இன்னும் சற்று மிகுதி. 2023-இல் இவ்வரம்புகள் நீக்கப்பட்டு, கம்பெனியின் மொத்தச் செலவுக்கே எல்லை வகுக்கப்பட்டது. எனினும் முதலாண்டிற் பெருந்தொகையும் பின்னாளிற் சிறுதொகையும் என்னும் அமைப்பு நீங்கிவிடவில்லை.

இதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு ரூ. 20,000 பிரிமியமுள்ள பாலிசி ஒன்றுக்கு, மேற்கூறிய பழைய வரம்பின்படி, முகவர் பெறுவது முதலாண்டில் ரூ. 7,000; நான்காம் ஆண்டு முதல் ரூ. 1,000. குடும்பம் நடத்தத் திங்களுக்கு ரூ. 21,000 வேண்டுமாயின், திங்கள்தோறும் புதிய பாலிசி மூன்றேனும் விற்றாக வேண்டும். அவர் கையிலுள்ளதோ ஐம்பது உறவினர் பெயர். ஐவரில் ஒருவர் இசைவர் எனக் கொண்டாலும், அப்பட்டியல் தருவது பத்துப் பாலிசி. நான்காம் திங்களின் தொடக்கத்திலேயே அது தீர்ந்துவிடும். அதன்பின் திருமண வீட்டில் அவரைக் கண்டவர் வேறு பக்கம் திரும்புவர். முகவர் பலர் முதலாண்டிலேயே தொழிலைக் கைவிடுவதன் காரணம் பெரிதும் இதுவே. திறமைக் குறைவன்று, பெயர்க் குறைவே.

இவ்விடத்தில் முகவர்முன் மூன்று வழிகள் உள. தொழிலை விட்டு நீங்குதல் ஒன்று. அறியாதார் கதவைப் பல்லாண்டு பொறுமையுடன் தட்டிச் சிறுசிறு கமிஷன்கள் சேர்ந்து பெருகும்வரை காத்திருத்தல் மற்றொன்று. மூன்றாவது வழி, தமக்கு எப்பொருள் இல்லாது துன்புற்றாரோ, அப்பொருளையே பிறர்க்கு விற்றல். அப்பொருள் பெயரே.

பெயர் வாணிகம்

இவ்வாணிகம் செழித்து வளர்ந்த நாடு அமெரிக்கா. அங்கே ஒருவர் இன்ஷூரன்ஸ் விலை அறிய விரும்பித் தம் பெயரையும் வயதையும் தொலைபேசி எண்ணையும் இணையத்தில் எழுதுகிறார். அல்லது அஞ்சலில் வந்த அட்டையை நிரப்பி அனுப்புகிறார். அங்ஙனம் பெறப்பட்ட பெயர் முகவர்க்கு விற்கப்படுகிறது. ஒருவர்க்கே விற்கும் பெயருக்கு விலை மிகுதி. பலர்க்கு விற்கும் பெயருக்குக் குறைவு. பல திங்கள் கழிந்த பழைய பெயர் மிக மலிவு. பழைய பெயரும் பயனற்றதென எறியப்படுவதில்லை. வாங்குவோர் உள்ளவரை அது மீண்டும் மீண்டும் விலைபோகும்.

அந்நாட்டிற் கமிஷன் முதலாண்டுப் பிரிமியத்தின் பாதியைக் கடப்பதுண்டு. சிலவிடத்து முழுதையும் கடக்கும். அதிற் பல திங்கட்குரிய தொகையை முன்பணமாகக் கொடுக்கும் வழக்கமும் உண்டு. ஆயின் பாலிசி இடையில் நின்றுவிட்டால், வாராத திங்களுக்குரிய பணத்தை முகவர் திருப்பித் தரல் வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு கூறுவோம். முகவர் ஒருவர் ஒரு பெயர் 25 டாலராக இருபது பெயரை 500 டாலருக்கு வாங்குகிறார். திங்களுக்கு 50 டாலர் பிரிமியமுள்ள பாலிசி இரண்டு விற்கிறார். கமிஷன் முதலாண்டுப் பிரிமியம் முழுதும் எனக் கொண்டால் பாலிசி ஒன்றுக்கு 600 டாலர். அதில் ஒன்பது திங்களுக்குரிய 450 டாலர் முன்னரே கைக்கு வருகிறது. மூன்று திங்களில் ஒரு பாலிசி நின்றுபோகிறது. 300 டாலரை அவர் திருப்புகிறார். ஆண்டு முடிவில் ஒரு பாலிசியால் 600, மற்றதனால் 150, ஆக 750 டாலர். பெயர்விலை போக எஞ்சுவது 250. இதிலிருந்தே வண்டிச் செலவும் தொலைபேசிச் செலவும் கழியவேண்டும்.

பெயர் விற்றவர் நிலை யாது? 500 டாலர் முன்னரே வந்தது, திரும்பிப் போவதில்லை. அதே இருபது பெயரை நால்வர்க்கு விற்றிருப்பாராயின் 2,000 டாலர். பாலிசி நின்றாலென், நிலைத்தாலென், அவர்க்கு ஒன்றே. பயன் விளையாதபோது முகவர், “என் பேச்சில் குறை” என்று தம்மையே நொந்துகொண்டு அடுத்த இருபது பெயரை வாங்குவார். அவர் ஓய்ந்து விலகினால், அவ்விடத்திற்கு மற்றொருவர் வருவார். பாலிசி வாங்குவோர் அரியர்; பாலிசி விற்க வருவோர் என்றும் உளர். பழுத்த முகவர் இதனைத் தம் அனுபவத்தால் அறிந்தவர். ஆகவேதான் வாடிக்கைக்காரரை விட்டு முகவரையே தம் வாடிக்கையாக்கிக் கொள்கிறார்.

1848-இல் கலிபோர்னியாவிற் பொன் கண்டபோது சாமுவேல் பிரானன் என்னும் வணிகர் பொன்னகழச் செல்லவில்லை. மண்வெட்டி, மண்ணை அலசும் தட்டு முதலியவற்றை வாங்கித் தம் கடையிற் சேர்த்து வைத்துக்கொண்டு, பொன் கிடைத்த செய்தியைச் சான் பிரான்சிஸ்கோ வீதிகளிற் கூவியறிவித்தார். அகழ்ந்தோர் பலர் வெறுங்கையராய் மீண்டனர், அவர் பெருஞ்செல்வரானார். பெயர் வாணிகமும் அத்தகையதே. ஆயின் ஒரு வேற்றுமை உண்டு. மண்வெட்டிக்கு உயிரில்லை, விற்கப்படும் பெயருக்குப் பின்னே ஒரு மனிதன் நிற்கிறான்.

இலக்கணம் பயில்வோர்க்கு இதனை எளிதில் விளக்கலாம். ‘சாத்தனுக்கு விற்றான்’ என்புழிச் சாத்தன் நான்காம் வேற்றுமையேற்று நிற்கிறான். பொருளைக் கொள்வோன் அவன். ‘சாத்தனை விற்றான்’ என்புழி இரண்டாம் வேற்றுமையேற்றுச் செயப்படுபொருளாகிறான். உருபு ஒன்றே மாறியது. கொள்வோனாய் இருந்தவன் சரக்காகிவிட்டான்.

ஆட்சேர்ப்பு

பெயர்ப்பட்டியலை விலைக்கு வாங்கப் பணம் இல்லாதவிடத்து அதனைப் பெற மற்றொரு வழி உண்டு. அஃது ஆள்சேர்த்தல். புதிதாய்ச் சேரும் ஒவ்வோர் இளைஞனும் தன் உறவினர் ஐம்பதின்மரையும் உடன் கொண்டுவருகிறான். ஐவரைச் சேர்த்தால் 250 பெயர். அவர் விற்கும் ஒவ்வொரு பாலிசியிலும் சேர்த்தவர்க்கு ஒரு பங்குண்டு. சேர்ந்தவன் முதலில் தனக்கே ஒரு பாலிசி எடுப்பான். அடுத்துத் தன் தாய்க்கு எடுப்பான். பின்னர்ச் சோர்ந்து விலகினும், அவனால் வந்த பாலிசிகள் கணக்கில் நிற்கும்.

ஆள்சேர்த்தல் யாவும் தீதென்று கூறுதல் நேர்மையாகாது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திற் கால்பந்தாட்டப் பயிற்சியாளராயிருந்த ஆர்தர் வில்லியம்ஸ் என்பார், தம் தந்தை போதிய இன்ஷூரன்ஸ் இன்றி இறந்ததை மனத்திற்கொண்டு 1977-இல் ஒரு கம்பெனி தொடங்கினார். விலையுயர்ந்த முழு ஆயுள் பாலிசிக்கு மாறாகக் குறித்த காலத்திற்கு மட்டுமான மலிவான பாலிசியை, ஓய்வு நேரத்தில் உழைக்கும் பல்லாயிரவர் வழியே அது பரப்பிற்று. பல குடும்பங்கட்கு அதனாற் கூடுதற் பாதுகாப்புக் கிடைத்தது. ஆயினும் அதன் வளர்ச்சி புதியவரை ஓயாது சேர்ப்பதையே பெரிதும் சார்ந்திருந்தது. நம் கார்ப்பொரேஷனிலும் முகவரைத் தேர்ந்து பழக்குதற்கெனச் சம்பளம் பெறும் வளர்ச்சி அதிகாரிகள் உளர். மருத்துவர்க்கு மாணவர் வேண்டுமாப்போல முகவர்க்கும் வழிவருவோர் வேண்டுவரன்றோ?

நல்லதையும் தீயதையும் பிரித்தறிய ஒரு வினா போதும்: சேர்த்தவர்க்கு ஆதாயம் வருவது, சேர்ந்தவன் தொழிலில் நிலைத்து நிற்பதனாலா, அவன் சேர்ந்த அந்நாளினாலா? முன்னதாயின் அவர் ஆசிரியர். பின்னதாயின் அவர் வலைவீசுவோர்.

எம் அத்தை ஒருவர் உளர். கணவரை இழந்தவர், தையல் தைத்து ஒரு மகனைப் படிக்க வைக்கிறார். யாம் எழுதிய தாளில் அவர் பெயர் ஏழாவது. விடுதிக்கு வந்த அண்ணன் அவரை நாடிச் சென்று, “உங்கள் மருமகன் தந்த எண்” என்று கூறியிருக்கிறார். மருமகன் பெயரைக் கேட்டபின் அத்தை வேறொன்றும் வினவவில்லை. தம் வருவாய்க்கு மேற்பட்ட பிரிமியமுடைய பாலிசியொன்றில் ஒப்பமிட்டார். முதலாண்டுத் தவணையைக் கட்டினார். அடுத்த ஆண்டு மகனுக்குப் பள்ளிக் கட்டணம் வந்தபோது இரண்டாம் தவணைக்கு வழியில்லை. பாலிசி நின்றது, கட்டியதிற் பெரும்பகுதி கைவிட்டுப் போயிற்று. எம்மிடம் அவர் இதனைக் குறையாகச் சொல்லவில்லை. எம் தாய் வாயிலாகவே அறிந்தோம். அந்த அண்ணனும் அதற்குள் அத்தொழிலை விட்டு வேற்றூர் சென்றுவிட்டார். அவர்மீது சினங்கொள்ளவும் எமக்கு இயலவில்லை. அவர்க்கும் ஒருவர் எண்ணிட்ட தாளைக் கொடுத்திருப்பார் அன்றோ! அத்தையின் பெயரை அவரைக் கேளாது எழுதியது எம் கையே.

சட்டம் செய்வதும் செய்யவியலாததும்

அரசுகள் இதனைக் காணாதிருக்கவில்லை. வேண்டாத தொலைபேசி அழைப்பைக் கட்டுப்படுத்த அமெரிக்காவில் 1991-இல் ஒரு சட்டம் வந்தது. ஒருமுறை ஒருவர் தரும் இசைவு ஒரே விற்பனையாளர்க்கே செல்லும், பட்டியலிலுள்ள பலர்க்கும் செல்லாது என்று அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையம் 2023 டிசம்பரில் விதித்தது. அவ்விதி நடைமுறைக்கு வருமுன்னரே, 2025 ஜனவரி 24-ஆம் நாள் மேன்முறையீட்டு நீதிமன்றமொன்று அதனைத் தள்ளிவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், மருத்துவ இன்ஷூரன்ஸ் தேடிவந்தோரை மயக்கி அவர்தம் விவரங்களை விற்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட மீடியா ஆல்ஃபா என்னும் கம்பெனி நாலரைக்கோடி டாலர் செலுத்த இசைந்தது. நம் நாட்டில், படிப்படியாய் ஆள்சேர்க்கும் முறையால் இன்ஷூரன்ஸ் விற்பதை 2015-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் விலக்கியது. ஒருவரது விவரத்தை அவர் இசைவின்றிக் கையாளலாகாது என்னும் நோக்குடைய சட்டமும் 2023-இல் இயற்றப்பட்டது.

இவையெல்லாம் நன்றே. ஆயினும் கூலியின் அமைப்பு முன்போல் நிற்குமளவும், முகவர் பெயரைத் தேடுவதும், பெயர் விலைபெறுவதும் நில்லா. ஒரு வாயில் அடைபடின் மற்றொரு வாயில் திறக்கும். அன்றியும், விடுதியறையில் நண்பன் நீட்டிய தாளில் அத்தையின் பெயரை எழுதும் கையைத் தடுக்க எந்த ஆணையமும் வருவதில்லை.

முடிவுரை

இவ்வாண்டு பட்டம் பெற்றுச் செல்லும் நண்பர்களுட் சிலர்க்கேனும் இத்தாள் நீட்டப்படும். அவர்கட்கு எம் வேண்டுகோள் மூன்று. சேர அழைப்பவரிடம், “உம் வருவாயில் நீர் விற்ற பாலிசியால் வந்தது எவ்வளவு, ஆள்சேர்த்ததால் வந்தது எவ்வளவு?” என்று தயங்காது கேளுங்கள். “மூன்றாண்டின் முன் உம்மோடு சேர்ந்தவருள் இன்று எத்துணைப்பேர் தொழிலில் உளர், அவர் விற்ற பாலிசிகளுள் எத்தனை நிற்கின்றன?” என்பது இரண்டாவது வினா. நேர்மையுள்ளவர் இவற்றிற்கு மகிழ்ந்து விடையளிப்பர். மூன்றாவது, எவர் பெயரையும் அவரைக் கேளாது எழுதாதீர்கள். கேட்டு, அவர் இசைந்தால் எழுதுங்கள். அங்ஙனம் எழுதிய ஐந்து பெயர், கேளாது எழுதிய ஐம்பதினும் மேலாம்.

முகவராய்ச் செல்வது இழிவன்று. ஒரு விதவையின் கையில் உரிய நாளில் உரிய தொகையைக் கொண்டு சேர்ப்பவர் போதகர்க்கு நிகரான பணி செய்தவராவர். அப்பணிக்கே இவ்வேற்பாடு தோன்றியது. அதனை மேற்கொள்வோர், தம்முன் அமர்ந்திருப்பவர் இன்னும் நான்காம் வேற்றுமையில் நிற்கிறாரா என்பதை அவ்வப்போது நோக்கிக்கொள்வாராக. நிற்கவில்லையேல், அன்றே அத்தாளை மடித்து வைத்துவிடுதல் நலம்.

யாம் அத்தைக்குக் கடன்பட்டுள்ளோம். அவர் கட்டிய தவணையை, கிடைக்கும் உதவித்தொகையில் எஞ்சுவதைக்கொண்டு சிறிது சிறிதாகத் திருப்பி வருகிறோம். வேண்டாமென்றே அவர் சொல்கிறார், யாம் கேட்பதில்லை.